கையை லேசாக வையுங்கள், அத்தா

 

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனர் நம் மகனுக்கு ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்திருந்தார். கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டு ஆடுவோர் கப்பலைச் செலுத்தப் பயன்படுத்தும் கைப்பிடி அது. ஓதிக்கொடுப்பவர் வீட்டில் இது எதற்கு என்று முதலில் முகம் சுளித்தோம். பின்னர், தொழுகை தவறக் கூடாது, பாடம் கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அனுமதித்தோம்.

அதில் என்னதான் இருக்கிறது என்றறிய ஒருநாள் அவனருகே அமர்ந்தோம். 2014இல் வெளிவந்த எலீட் டேஞ்சரஸ் என்னும் விளையாட்டு. அதுவரை மௌஸும் கீபோர்டும் கொண்டே அவன் ஓட்டி வந்தான். மௌஸை நகர்த்தினால் கப்பலின் மூக்கு உயரும், தாழும், கப்பல் பக்கவாட்டில் புரளும். ஏ, டி விசைகள் இடமும் வலமும் திருப்பும். டபிள்யூ, எஸ் விசைகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். 2003இல் வந்த ஃப்ரீலான்சர் போன்று மௌஸை நம்பியே உருவான விளையாட்டுகளும் உண்டாம்.

"மௌஸில் குறி பார்ப்பது எளிது, அத்தா. ஆனால் நடு எங்கே என்று கைக்குத் தெரியாது. திரையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. கையை விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். நீங்களும் ஓட்டிப் பாருங்கள்" என்றான்.

பிடியைப் பற்றினோம். எதிரிக் கப்பல் மேலே எழுந்தது. முழு வலுவோடு பிடியைப் பின்னுக்கு இழுத்தோம். மூக்கு குறியைத் தாண்டி உயர்ந்தது. பதறி முன்னுக்குத் தள்ளினோம். குறியைத் தாண்டித் தாழ்ந்தது. ஒரு பிழையைத் திருத்தப் போய் அதைவிடப் பெரிய பிழை செய்தோம். சற்று நேரத்தில் கப்பல் தகர்ந்தது.

மகன் சிரிக்கவில்லை. "கையை லேசாக வையுங்கள், அத்தா. முதலில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான். நான்காம் முறை தகர்ந்தபோதும் அவன் குரல் உயரவில்லை. பின்னர் அமைப்புகளுக்குள் சென்று 'டெட் ஸோன்' என்ற ஒன்றைச் சற்றுக் கூட்டினான். பிடியின் நடுவில் ஒரு சிறு எல்லை அது. அதற்குள் நிகழும் அசைவுகளைக் கப்பல் பொருட்படுத்தாது. அது இல்லாவிட்டால் கை நடுக்கத்துக்கெல்லாம் கப்பல் விலகும். அளவுக்கு மிஞ்சினாலோ, வேண்டுமென்றே திருப்பினாலும் உடனே திரும்பாது.

அந்த விளக்கம் நம்மைத் தைத்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், மதரஸாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 'ஐன்' எழுத்தை 'அலிஃப்' போல் உச்சரித்தான். திருத்தினோம், மீண்டும் தவறினான். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். பயத்தில் அவனுக்குச் சரியாக வந்துகொண்டிருந்த எழுத்துகளும் பிசகின. இன்னும் உரக்கக் கடிந்தோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. பெற்றோர் மீதே குறை என்று எண்ணியிருந்தோம்.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்பதை எத்தனை முறை பாடமாக நடத்தியிருப்போம்! திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுவோருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்பதையும் நாமேதான் சொல்லிக்கொடுத்தோம். நன்மாராயம் பெற்ற அந்தத் திணறலுக்குத்தான் நாம் தண்டனை வழங்கியிருக்கிறோம்.

மறுநாள் அஸர் தொழுததும் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். தாயின் பின்னால் ஒளிந்துகொண்டான். "தவறு நம்முடையது, வாப்பா" என்றோம். வெகுநேரம் கழித்து அருகே வந்து அமர்ந்தான். ஃபாத்திஹா ஓதச் சொன்னோம். 'ஐன்' இன்னும் பிசகியே வந்தது. முழுவதும் ஓதி முடிக்கும்வரை இடைமறிக்கவில்லை. பின்னர் அந்த ஓர் எழுத்தை மட்டும், தொண்டையின் நடுவில் கை வைத்துக் காட்டி, மெதுவாகச் சொல்லிக்கொடுத்தோம். சனிக்கிழமை மதரஸாவுக்கு வந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகளின் பிழைகளில் எதைத் திருத்துவது, எதைப் பொறுப்பது என்றறியும் தெளிவையும், திருத்தும்போது நளினத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.