போன வருஷம்தானே கொடுத்தோம், மறுபடியுமா?

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் பொருத்த மறுபடியும் நிதி திரட்டுறோம்னு சொன்னதும் பலர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பதில் ஒண்ணுதான். பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, கால் வளரலை.

பெரியவங்களுக்குச் சில வருஷம் தாங்குற கால், வளர்ற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரும். மாத்தலைன்னா உயரம் பத்தாம சாய்ஞ்சு நடப்பாங்க. இடுப்பு வலிக்கும், இறுக்கத்துல தோல் புண்ணாகும். கடைசியில காலைக் கழற்றி மூலையில வச்சிட்டு, மறுபடியும் ஊன்றுகோல்தான்.

2009-இல் போர் முடிந்தது. ஆனால் கால் இழப்பு போரோடு முடியற விஷயமில்லை. பிறவியிலேயே கால் இல்லாத பிள்ளைகள், விபத்தில் இழந்த பிள்ளைகள் எப்போதும் இருக்காங்க.

இவங்களுக்குப் பொருத்துறது ஜெய்ப்பூர் கால். ரப்பர் பாதம் என்பதால் செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் நமக்கு அதோட அருமை தெரியும்.

அதனால இந்த வருஷம் நாசி லெமாக் விற்பனையோடு நிறுத்தப் போறதில்லை. ஒரே நாள்ல 50 வெள்ளி போடுறதைவிட, மாசம் 5 வெள்ளி விடாமல் கொடுத்தால், பிள்ளை வளர வளரக் காலும் மாறும்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது பெயர் கொடுங்க. ரசீது உண்டு. மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

முருகன் துணை.