பல் இல்லாத இடம்

எஞ்சினின் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் மின்னணுப் பெட்டியைத் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் உலகின் பல பகுதிகளிலும் இருக்கிறார்கள். 2001-இல் அமெரிக்கர்களான புரூஸ் பவுலிங்கும் ஆல் கிரிப்போவும் தொடங்கிய மெகாஸ்குவர்ட் இதற்கு வழி திறந்தது. பின்னர் வந்த ஸ்பீடுயினோ, அர்டுயினோ மெகா பலகையிலேயே அதனைச் சாத்தியமாக்கியது. அண்ணன் தம்பிகளான நாங்கள் இருவரும் கடந்த கோடை விடுமுறையில் அப்படியொரு பெட்டியைக் கட்டினோம். ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் மின்னணுவியல் படித்தவர். கார் மறைந்த தந்தையாருடையது. மாற்று எஞ்சின் கிடையாது. தீப்பொறி உரிய கணத்திற்கு வெகுவாக முந்தினால் பிஸ்டன் உடையக்கூடும் என்பதை அறிந்தே இறங்கினோம்.

கணக்கிடுவதுதான் கடினம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், கேட்பதே கடினம். கிராங்க் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் பொருத்தினோம். 36 பற்களுக்கு இடம் வகுத்து, ஒன்றை நீக்கிவிட்ட சக்கரம் அது. ஒவ்வொரு பல்லும் 10 பாகைக்குச் சான்று; இல்லாத பல்லோ சுற்றின் தொடக்கத்திற்குச் சான்று. உருபு மறைந்து நின்றும் பொருள் தரும் தொகைச் சொற்களைப் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. இல்லாமையே இங்கு அடையாளம்.

சக்கரத்தருகே உள்ள உணரி, காந்தத்தின்மீது சுற்றிய கம்பிச் சுருள். பல் நெருங்கும்போது மின்னழுத்தம் ஏறும், பல் நேர் எதிரே வரும் கணத்தில் சரேலெனச் சுழியைக் கடந்து கீழிறங்கும், விலகியபின் மீளும். சிக்கல் யாதெனில், இந்த அலையின் உயரம் வேகத்தைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் மெல்லச் சுழற்றுகையில் ஒரு வோல்ட்டும் தேறாமல் போகலாம். எஞ்சின் விரைகையில் பல பத்து வோல்ட்டுகளாக எழும். அப்போது தீப்பொறிச் சுருளிலிருந்து கசியும் இரைச்சலே தொடக்கக் குரலைவிட உரத்து ஒலிக்கக்கூடும். தாழ்ந்த வரம்பை வைத்தால் இரைச்சலும் பல்லாக எண்ணப்படும். உயர்ந்த வரம்பை வைத்தால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வடிவமைத்த எல்எம்1815 என்னும் சில்லு இதற்கு நல்ல விடை தருகிறது. அதன் வரம்பு நிலையானதன்று. வந்த அலைகளின் உயரத்தைப் பின்தொடர்ந்து தானும் ஏறி இறங்குவது. அவ்வரம்பைத் தாண்டிய அலையை மட்டுமே அது பல்லென ஏற்கிறது. ஆனால் பல் வந்த நேரத்தை உச்சியில் குறிப்பதில்லை. அலை சுழியைக் கடக்கும் புள்ளியில் குறிக்கிறது. உயரம் வேகத்துக்கு வேகம் மாறினும் அப்புள்ளி பல்லின் நடுவை விட்டுப் பெரிதும் அகலாது. இத்துணை நுட்பம் ஏன்? நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு பாகை கடக்க ஆகும் நேரம், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் 28 பங்கு. இமைப்பொழுதைக் கொண்டு மாத்திரையை அளந்த நம் இலக்கணிகள் கண்டால் வியந்திருப்பார்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தோம். "அண்ணா, அலை தலைகீழா நிக்குது. கம்பி ரெண்டையும் மாத்தணும்" என்றான் தம்பி. சரிவு இருக்க வேண்டிய இடத்தில் ஏற்றம் இருந்தது. அப்படியே விட்டிருந்தால், சில்லு பல்லின் நடுவை விட்டுப் பற்களின் இடைவெளியில் நேரம் குறித்திருக்கும். இல்லாத பல்லின் அருகே அலை சுழியை ஒட்டி நீண்டு கிடப்பதால், எண்ணிக்கையே தடுமாறியிருக்கும். கம்பிகளை மாற்றிய பின்னரே தீப்பொறியை இணைத்தோம்.

எஞ்சின் ஓடியது. டைமிங் விளக்கின் வெளிச்சத்தில் கப்பியின் வெள்ளைக் கோடு, எத்தனை விரைவாகச் சுழன்றபோதும் அசையாமல் நின்றது. வகுப்பறையிலும் மெல்லிய குரல்கள் உண்டு. உரத்த இரைச்சலும் உண்டு. யார் எவ்வளவு உரக்கப் பேசுகிறார் என்பதைக் கொண்டு பேச்சின் இடத்தைக் குறிக்கலாகாது என்பதை, இலக்கணம் அறியாத ஒரு சில்லு எங்களுக்குச் செய்துகாட்டியது.