மூன்றாம் அடி

கோல்களால் தட்டும் சந்தூரில் தாலாட்டுச் சாயலில் மெட்டமைக்க முயன்றது என் பேராசையே. தட்டிய பின் சுரத்தை வளைக்க அதில் வழியில்லை. காஷ்மீரின் சூஃபியானா இசையில் வழங்கிய அக்கருவியை 1955இல் மும்பை மேடையில் வாசித்த சிவகுமார் சர்மாவும் இக்குறைக்காக விமர்சிக்கப்பட்டவர்தாம். கோலைக் கம்பிமேல் இழைத்து ஓசையை நீட்டுவது அவர் கண்ட உத்தி.

ஐதராபாத் விடுதியறையில் மூன்று மாதங்கள் அவ்வுத்தியைப் பழகி, நான்கடி மெட்டொன்றை அமைத்தேன். முற்றிலும் என்னுடையது என்ற செருக்கோடு ஆய்வு நண்பர்களுக்கு அனுப்பினேன்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, தாழ்வாரம் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். பதுகம்மா நாள்களில் பூ அடுக்கைச் சுற்றிவரும் பெண்கள் தட்டும் தாளம்! "எங்கள் ஊர்ப் பாட்டுதான், மூன்றாம் அடியை மட்டும் தவறாக வாசிக்கிறீர்கள்" என்றார் தெலுங்கில். திருத்திப் பாடியும் காட்டினார்.

ஆசிரியர் பெயரற்ற பாடல்களைப் பற்றியே ஆய்வேடு எழுதுகிறேன். ஆயினும் அன்றிரவு எனக்கு வந்தது சினம், மறைப்பானேன்?

மறுநாள் அவர் பாடியவாறே வாசித்துப் பதிவுசெய்தேன். மெட்டு இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது. இசையமைப்பாளர் பெயருக்கான இடத்தை இன்னும் நிரப்பவில்லை.