ஒரு சொல்லுக்கான வழக்கு

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலம் ஒருபால் இணையர்க்கு 'குடிசார் இணைவு' என்றொரு சட்டத்தை இயற்றியது. மாநிலச் சட்டம் தரும் திருமண உரிமைகள் அனைத்தும் அதில் இருந்தன. 'திருமணம்' என்ற சொல் மட்டும் இல்லை. பொருள் ஒன்றுதானே, பெயரில் என்ன என்று சமாதானம் கூறியோர் உண்டு. ஆனால் மாநில எல்லையைக் கடந்ததும் அவ்விணைவு பெரும்பாலும் செல்லாக்காசாயிற்று. 2004இல் மசாசூசெற்ஸ் அந்தச் சொல்லையே வழங்கியது. அதனையும் பல மாநிலங்கள் ஏற்க மறுத்தன.

ஒகையோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கபெல், மரணத்தை எதிர்நோக்கியிருந்த தம் துணைவர் ஜோன் ஆர்தருடன் 2013இல் மேரிலன்டுக்குப் பறந்து, விமானத்துக்குள்ளேயே மணம்புரிந்தார். ஆர்தரின் மரணச் சான்றிதழில் தம்மை வாழ்க்கைத்துணையெனப் பதியக்கோரி வழக்கும் தொடுத்தார். ஒகையோ அரசு இறுதிவரை எதிர்த்தது.

அயலாருக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால் எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தலில் ஓர் உறவுப்பெயர் விடுபட்டால், மறுநாட் காலையில் அலுவலக வாசலில் ஆள் வந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இறந்தவருக்கு இனி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சியிருப்பவருக்கோ அந்த ஒரு சொல்தான் சேர்ந்து வாழ்ந்ததற்கான சாட்சி.

2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அச்சொல்லை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கியது. உரிமையைத் தந்து பெயரை மறுப்பதும் மறுப்பே அல்லவா?