வெளியூர்க்காரி

மதுரையில் கால்பந்துக்கு ஒரு சரித்திரம் உண்டா என்று கேட்டால், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சாயங்காலங்களைக் கழித்த சிலரைத் தவிர யாருக்கும் சொல்ல எதுவும் இராது. எனவே 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றதாகப் பேப்பரில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றிருந்தார்கள். காரியாபட்டிப் பக்கம், கரிசலும் சீமைக்கருவேலமுமாய்க் கிடக்கும் பூமியில், ஒரு என்ஜினீயரிங் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்த அணி.

அந்த ஆண்டு அவர்களுக்காக கோல் அடித்த சபித்ரா பண்டாரி, நேபாளத்தின் லம்ஜுங் மலைப்பக்கத்துப் பெண். அவருக்கு நம் காரியாபட்டிதான் வெளிநாடு. இது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெளிநாடு என்றால் ஐரோப்பா என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அங்கேயும் அவர் போனார். இஸ்ரேலில் ஆடினார், 2024இல் பிரான்சின் முதல் டிவிஷன் அணியான கேங்காமில் சேர்ந்தார். தோற்ற அணியின் பாலா தேவி அந்த லீக்கில் 26 கோல் அடித்தவர். 2020 ஜனவரியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

முன்னால் நின்று கோல் அடிப்பவரின் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். தொண்ணூறு நிமிஷத்தில் பந்து சரியாக வருவது இரண்டு மூன்று முறை. மானாவாரி விவசாயிக்கு இது புரியும். அந்த இரண்டு மூன்று முறையும் அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

என் தங்கை நின்றிருக்கக்கூடும். எட்டாவது வரை பள்ளியில் ஆடினாள், பையன்களைவிட நன்றாக. அரை டிராயரோடு தெருவழியே வருகிறாள் என்று அப்பாவிடம் சொன்னவன் நான். மறுநாளிலிருந்து அவள் ஆடவில்லை. நான் தொடர்ந்து ஆடினேன், மிகச் சுமாராக.

அந்தப் பேப்பரைத் திருமங்கலத்துக்கு எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம் இருந்திருக்கலாம், கேட்கவில்லை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இவுக வீட்ல அண்ணன்மாரு யாரும் இல்லையாண்ணே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.