டிக், டிக் என்று கேட்டால்

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்ததும் நான் மின்சாரம் கொடுப்பதில்லை. “விழுந்த பிறகு எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க?” என்றுதான் முதலில் கேட்பேன். பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது.

உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டு. மேலே கோபால்ட் கலந்த மிக மெல்லிய காந்தப் பூச்சு. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று. படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட் அதைத் தொடுவதே இல்லை. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கக் காற்றை அழுத்திச் செலுத்தினார்கள். இன்றைய இடைவெளியிலோ ஒரு புகைத்துகளே பாறை.

தட்டில் ஒன்றும் பூஜ்ஜியமும் வரிசையாக எழுதியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது காந்தத் திசை மட்டும். அது எங்கே புரள்கிறது என்பதைத்தான் ஹெட் பிடிக்கிறது. வெகுதூரம் புரளாமலே இருந்தால் கணக்குத் தப்பிவிடும். அதனால் அடிக்கடி புரளும்படியே எழுதுகிறார்கள். அப்படியும் கிடைப்பது இரைச்சல் கலந்த சன்னமான அலை. எந்த வரிசை எழுதியிருந்தால் இப்படியொரு அலை வரும் என்று சில்லு கணித்து, கூடவே எழுதிவைத்த திருத்தக் குறியீட்டோடு ஒத்துப்பார்க்கிறது. நாம் திறக்கும் ஒவ்வொரு படமும் இப்படிக் கணித்துச் சரிபார்த்து வந்ததுதான். இத்தனை வருடத்திலும் எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை.

ஹெட் தன் இடத்தை அறியத் தட்டிலேயே செர்வோ குறிகள் உண்டு. அடிபட்ட ஹெட்டுக்கு அவை தெரியாது. தேடும், திரும்பும், மறுபடி தேடும். டிக், டிக் என்று கேட்பது பெரும்பாலும் அதுதான். வளைந்த ஹெட் ஒவ்வொரு தடவையும் பூச்சைச் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது.

அதே மாடல் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பார்கள். பழைய டிஸ்க்குகளில் நடந்தது. இப்போது அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் போர்டின் ரோம் (ROM) சில்லில் இருப்பதால், சில்லையும் பெயர்த்து ஒட்ட வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் ஒருவர் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஒரே தடவைதான் போட்டிருந்தார். சத்தம் கேட்டதும் பிடுங்கிவிட்டார். அவரைக் கும்பிடத் தோன்றியது. தூசியற்ற பெட்டிக்குள் வைத்துத் திறந்தேன். தட்டில் கீறல் இல்லை. வேறொரு டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்தி, நல்ல பகுதிகளை முதலில் நகல் எடுத்தேன். தடுமாறும் பகுதியைக் கடைசிக்கு வைத்தேன். இரவல் ஹெட் எப்போது ஓயும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அது ஓய்ந்தபோது, தாலி கட்டும் படங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தன.