அமானிதமும் அவசரமும்

எங்கள் மதரஸாவின் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படங்களாகச் சேமித்துக் காக்கும் சர்வர் கணினிக்கு, 2024 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 24.10 இயங்குதளத்தை இடச் சொன்னவன் நானே. புதியதெனும் மயக்கம்! அத்துறை கற்ற பழைய மாணவர் தயங்கினார். ஹஜ்ரத்தின் சொல்லென்று பணிந்தார்.

அத்தகைய இடைக்காலப் பதிப்புக்கு ஒன்பது மாதமே ஆயுள். 2025 ஜூலையில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்ததற்குத் தாவினாலும் மீண்டும் அதே கணக்குத்தான். ஈராண்டுக்கொருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புக்கோ ஐந்தாண்டுப் பராமரிப்பு உண்டு, 24.04க்கு அது 2029 வரை. பழைய பதிப்புக்கு நேரே இறங்க வழியில்லாமையால், கிதாபுகளை வேறிடத்தில் பிரதியெடுத்து வைத்து, கணினியைத் துடைத்து, அதனை நிறுவினோம்.

புதுமையைச் சோதிக்க வேறு கணினி போதும். அமானிதம் சுமப்பதற்கு நிலைத்ததே தகும். அறிந்தோரிடம் கேட்டு நடக்கும்படி பிறருக்குப் போதிக்கும் நான், கேளாமற் போனதற்காக அம்மாணவரிடம் பொறுத்தருளக் கேட்டேன்.